பனி தள்ளும் டிராக்டருக்கு ஒரு வைப்பர் மோட்டார்

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, டெக்னிக்கலா ஏதாவது பேசு, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி தூங்க வெச்சிடாதே" என்றார். தலைப்பைப் பார்த்துவிட்டு, "சேக்காட்டுல குடியிருக்கிறவனுக்கும் பனிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று வாசலிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆவடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மார்கழி விடியலில் ஒரு சால்வை போர்த்தினால் அதுதான் குளிர்காலம்.

சம்பந்தம் என் அக்கா வழியாக வந்தது. அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் பேரி என்ற ஊருக்கு வெளியே இருக்கிறார். ஜார்ஜியன் வளைகுடாவைத் தாண்டி வரும் குளிர்காற்று, தண்ணீரின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தில் பனியாகக் கொட்டும். பகலில் ஒரு கிடங்கில் வேலை. குளிர்காலத்தில் விடியற்காலை எழுந்து, சின்ன டிராக்டரை வைத்துப் பதினோரு வீடுகளுக்கு வாசல் பாதையைச் சுத்தம் செய்து கொடுக்கிறார். வீட்டுக் கடன் தவணையில் ஒரு பங்கு அதிலிருந்துதான் போகிறது. இரண்டு வருஷம் முன்பு அவருக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு டிராக்டர் ஓட்டுவதில் சிரமம் இல்லை. ஒரு கைப்பிடியைச் சுற்றுவதுதான் முடியவில்லை. அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இயந்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிராக்டரின் பின்பக்கம் பிடிஓ தண்டில் மாட்டி ஓட்டுவது. முன்வாயில் பெரிய திருகு ஒன்று பனியை நடுவுக்கு இழுக்கும். அதற்குப் பின்னால் ஒரு விசிறி அந்தப் பனியை அடித்து, மேலே இருக்கும் வளைந்த குழாய் வழியாகத் தூரமாக வீசும். அந்தக் குழாய்க்கு ஷூட் என்று பெயர். நம் திருவள்ளூர் பக்கம் நெல்லடிக்கும் மெஷினில் வைக்கோல் வந்து விழும் வாய் இருக்கிறதல்லவா, அதே ஜாதி. பனி வீசும் லாரியை 1925-ல் செய்த ஆர்தர் சிகார், கனடாவில் கியூபெக் மாகாணத்துக்காரர். அவருக்கு முன்பே, 1869-ல், ரயில் பாதைக்குச் சுழலும் பனிக்கலப்பை ஒன்றை யோசித்தவர் டொரண்டோவில் எலியட் என்ற பல் டாக்டர். பல் டாக்டரே யோசிக்கும்போது மெக்கானிக்கல்காரன் யோசிக்கக் கூடாதா என்ன! நம் நாட்டிலும் ஸோஜிலா கணவாயில் எல்லைச் சாலை நிறுவனத்தார் ஒவ்வொரு ஆண்டும் பனியை வெட்டித்தான் பாதை திறக்கிறார்கள். 2023-ல் 68 நாளில் திறந்தார்கள். அந்த இயந்திரங்களிலும் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசும் திசையை மாற்ற முடிய வேண்டும்.

ஏன் மாற்ற வேண்டும்? ஒரு வாசலில் போகும்போது இடப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கார், வரும்போது வலப்பக்கம் அஞ்சல் பெட்டி, திரும்பினால் தெரு. காற்று வேறு மாறும். எதிர்காற்றில் வீசினால் எல்லாம் ஓட்டுகிறவர் முகத்துக்கே திரும்பி வரும். ஒரு வாசலுக்குப் பத்துத் தடவையாவது ஷூட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பின்பக்கம் மாட்டிய மெஷின் என்பதால் ரிவர்ஸில்தான் வேலை. இடது கை ஸ்டியரிங்கில், உடம்பு முழுக்கப் பின்னால் திரும்பி, வலது கையால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு தடவை செய்து பாருங்கள், தோள் என்ன சொல்கிறது என்று தெரியும்.

தோள் வலிக்கிறவர் என்ன செய்வார்? இறங்கிப் போய் இரண்டு கையாலும் ஷூட்டைப் பிடித்துத் திருப்புவார். மாமாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், பிடிஓ ஓடிக்கொண்டிருக்கும்போதே. 540 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. சட்டை நுனி சிக்கினால் யோசிக்க நேரமில்லை. கைப்பிடியில் ஓட்டும் சின்ன மெஷின்களில் இன்னொன்றும் உண்டு: அடைத்துக்கொண்ட பனியின் அழுத்தத்தில், எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி ஒரு எகிறு எகிறும். விரல் இழந்தவர்களில் பலர் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டவர்கள். அக்கா வீடியோ காலில் அழுததற்குக் காரணம் இதுதான். மாமாவோ, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ளே, மோட்டார் வெச்சுக்கறது பணக்காரன் சௌகரியம்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளை சீட்டிலேயே உட்கார வைக்கும் எந்தப் பொருளும் பாதுகாப்புச் சாதனம்தான்.

ஹைட்ராலிக் மோட்டார் போடலாமே என்று பவர் பிளான்ட் அண்ணன்கள் கேட்பீர்கள். பலம் வேண்டுமானால் அதுதான் சரி. ஆனால் அந்தச் சின்ன டிராக்டரில் பின்பக்கம் ஹைட்ராலிக் வெளியீடு கிடையாது. ஆகவே பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் மோட்டார்.

எந்த மோட்டார் என்று முடிவு செய்வதற்கு முன் மாமாவிடம் ஒரு வேலை சொன்னேன். கைப்பிடி நுனியில் லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் நகர்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சாதாரணமாக 3 கிலோ. ராத்திரி முழுக்க வெளியே நின்று உறைந்த பிறகு 9 கிலோ. கைப்பிடியின் நீளம் 15 சென்டிமீட்டர். அப்படியானால் உறைந்த நிலையில் கிட்டத்தட்ட 13 நியூட்டன் மீட்டர். ஆறு சுற்று சுற்றினால் ஷூட் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறது. இந்த மூன்று எண்ணும் கைக்கு வந்த பிறகு கடைக்குப் போனால் கடைக்காரர் நம்மை ஏமாற்ற முடியாது.

நம் பக்கம் வைப்பர் மோட்டாருக்கா பஞ்சம்! பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-ல் தொடங்கியதிலிருந்து அம்பத்தூர் வட்டாரம் முழுக்க வண்டி மின்சாமான் வேலை தெரிந்தவர்கள்தான். நின்றுபோகும் நிலையில் 30 நியூட்டன் மீட்டர் தரும் பெரிய வண்டி வைப்பர் மோட்டார் ஒன்றை எடுத்தேன். சுமையில்லாமல் நிமிஷத்துக்கு 40 சுற்று. ஷூட் முழுக்கத் திரும்ப 9 விநாடி; உறைந்திருந்தால் 15 விநாடி ஆகும். அது போதும்.

வைப்பர் மோட்டாரில் எனக்குப் பிடித்தது அதன் வார்ம் கியர். மோட்டார் கியரைத் திருப்பும். கியர் மோட்டாரைத் திருப்பாது. பனி அடித்துக்கொண்டு போகும்போது ஷூட் தானாக நகராமல் நிற்க வேறு பூட்டே தேவையில்லை. பிடிக்காதது ஒன்று உண்டு. பல வைப்பர் மோட்டார்களில் நெகட்டிவ் தனி வயராக வராது, மோட்டார் உடம்பே நெகட்டிவ். ஒரே பக்கம் சுற்றும் கண்ணாடித் துடைப்பானுக்கு அது சரி. நமக்கு இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். அதற்கு மின்முனைகளை மாற்றினால் உடம்பு பாசிட்டிவ் ஆகும், டிராக்டர் சேஸிஸ் நெகட்டிவ், இரண்டும் தொட்டால் ஃப்யூஸ் தீபாவளி. ஆகவே மோட்டாரை ஹைலம் ஷீட் மேல், நைலான் புஷ் போட்டு, உலோகம் தொடாமல் மாட்ட வேண்டும். தண்டு வழியாகவும் கரண்ட் போகக் கூடாது. நடுவில் ரப்பர் வைத்த கப்ளிங் போட்டேன். கல் சிக்கினால் வரும் அதிர்ச்சியையும் அதே ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

ஸ்விட்சுக்கு இரண்டு ஐந்து-பின் ரிலே, ஹாரனுக்குப் போடுகிற அதே ரிலேதான். அழுத்தாத நிலையில் மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்தில் இருக்கும்படி இணைத்தால், விரலை எடுத்த மாத்திரத்தில் மோட்டார் பிரேக் போட்ட மாதிரி நிற்கும். கார் கண்ணாடி ஏற்றும் ஸ்விட்சில் இருக்கும் ரகசியமும் இதுதான். மாணவர்கள் இந்தச் சர்க்யூட்டை வீட்டில் வரைந்து பாருங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்டாலும் கேட்பார்கள்.

அடுத்த சிக்கல் சோதனை. மைனஸ் இருபதுக்கு சேக்காட்டில் எங்கே போவது? தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கெஞ்சி, ராத்திரி டீப் ஃப்ரீஸரில் ஒரு மூலை வாங்கினேன். "சார், இது என்ன ஃப்ளேவர்?" என்று அவர் கேட்டதை இங்கே பதிவு செய்கிறேன். மைனஸ் 18-ல் காலைவரை இருந்த மோட்டார், உள்ளிருந்த கிரீஸ் மெழுகாகி, முக்கி முனகித்தான் சுற்றியது. பழைய கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டுக் குளிர்நாட்டு சிந்தெடிக் கிரீஸ் போட்டதும் சரியாயிற்று. சாதாரண பி.வி.சி. வயரை அதே குளிரில் மடக்கினேன், மேலுறை விரிசல் விட்டது. சிலிகான் உறை வயருக்கு மாறினோம். எதிர்பாராத பாடம் ஒன்றை நம் ஊர்ப் புழுக்கம் சொல்லிக் கொடுத்தது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐந்து நிமிஷத்தில் மோட்டார் முழுக்க வியர்த்துக் கொட்டியது, உள்ளேயும் தண்ணீர். சூடான கொட்டகைக்கும் வெளிக்குளிருக்கும் போய்வரும் மெஷினுக்கு அங்கேயும் அதே கதிதானே? அதனால் தண்ணீர் வடியும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மோட்டாரின் கோணத்தையே மாற்றினேன்.

கைப்பிடியைக் கழற்றி எறியவில்லை. எங்கள் ஆவடியில் செய்யும் டாங்கியின் கோபுரம் விசையால் திரும்பும், ஆனாலும் உள்ளே கைச்சக்கரம் இருக்கும். அதே நியாயம். ஒரு பின்னை உருவினால் மோட்டார் விடுபட்டு, கைப்பிடி வேலை செய்யும்.

நவம்பரில் ஊருக்கு வந்த அக்கா அதைப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே எடுத்துப் போனாள். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் பதினோரு வீடும் கைவிட்டுப் போகவில்லை. ஒரு முறை ரிலே சாக்கெட்டில் பனி உருகி நீர் புகுந்தது. அவரே ஒரு மூடி செய்து போட்டுக்கொண்டார். இறங்கிப் போகிறாரா என்று அக்காவிடம் தனியாக விசாரித்தேன். "ஷூட்டைத் திருப்ப இறங்கறதில்லடா, அடைச்சுக்கிட்டா மட்டும் இறங்கறார். பிடிஓ-வை நிறுத்திட்டு, எஞ்சினையும் அணைச்சுட்டு, ஒரு கட்டையால குத்தறார்" என்றாள்.

ஷூட்டின் நுனியில் மேலும் கீழும் ஆடும் மூடி ஒன்று இருக்கிறது, எவ்வளவு தூரம் வீச வேண்டும் என்பதற்கு. அது இன்னும் கையால்தான். அதற்கு நீளும் தண்டுள்ள ஆக்சுவேட்டர் ஒன்று போட நினைக்கிறேன். கொக்கித் தராசு அங்கேயே இருக்கிறது. அளவு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குளிர்நாட்டில் இருக்கும் நம் கல்லூரி நண்பர்கள் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன்.