கூடைப்பந்தாட்டத்தில் நெட்டையர்

மூணாற்றிலிருந்து பள்ளிவாசலுக்கு இறங்கும் மலைச்சாலையின் ஓரத்தில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மாலை வேளையில் கூடும் சிறு திடல் ஒன்றை நாம் சென்ற ஆண்டு கண்டோம். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒற்றைக் கம்பத்தில் வலையில்லாத இரும்பு வளையம் ஒன்று தொங்கிற்று. அதன் கீழ் ஏழெட்டுச் சிறுவர் ஆடிக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவன் மற்றவரினும் ஒன்றரை அடி உயர்ந்து நின்றான். வயது பதினான்கு என்றார்கள். அவனுக்கு ஓட்டம் வரவில்லை. குதித்தாலும் கால் தரையைவிட்டு நான்கு விரற்கடை எழும்புவதே அரிதாயிருந்தது. ஆயினும் பந்து அவன் கைக்கு வந்தவுடன் ஆட்டத்தின் போக்கே மாறிற்று. அவன் ஒரு பக்கம் பார்ப்பான். பந்து மற்றொரு பக்கம் தனித்து நிற்கும் தோழனின் கையில் போய் விழும்.

தேநீர்க் கடையருகே நின்றிருந்த அவன் தந்தை, லயத்தில் குடியிருந்து தோட்டத்தில் பாடுபடுபவர், நம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். "விளையாட்டு விடுதியிலே சேர்க்கச் சொல்கிறார்கள், சார். உயரத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். படிப்பு சுமாராக வருகிறது, ஓட்டம் வராது. நம்பி அனுப்பலாமா?" அன்று நாம் தக்க விடை கூறாமல் ஏதோ சொல்லிவிட்டு வந்தோம். அது நம் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வினாவையே இன்று நேயர்கள் முன் வைக்கின்றோம்: உடல் விரைவும் துள்ளலும் இல்லாத, ஆனால் கைத்திறன் உடைய நெட்டையன் ஒருவன், பணத்திற்காக ஆடும் கூடைப்பந்தாட்டத்தில் நிலைத்து நிற்கக்கூடுமா?

அமெரிக்க நாட்டு ஆட்டக்காரர் இத்தகையவரைப் 'பிக் மேன்' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சற்றே இடர் தந்தது. 'பெரிய மனிதர்' என்று எழுதினால், பஞ்சாயத்தில் நாற்காலி போட்டு அமர்த்தப்படுபவரை நம் மக்கள் நினைத்துக்கொள்வர். ஆகவே நெட்டையர் என்றே சொல்வோம். கூடையின் அருகே நின்று, விழும் பந்தைப் பற்றி, மீண்டும் அதனைக் கூடையில் சேர்ப்பதும், எதிரி சேர்க்க வருங்கால் தடுப்பதும் அவர்க்குரிய தொழில். கூடை தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருப்பதனால், ஏழடி மனிதர்க்கு இத்தொழில் இயல்பாகவே பாதி கைகூடி விடுகிறது. மற்றப் பாதியைப் பற்றியதே நமது ஆராய்ச்சி.

இவ்வாராய்ச்சியை ஜார்ஜ் மைக்கன் என்பவரிடமிருந்து தொடங்குவது பொருத்தம். 1924-இல் பிறந்த இவர் 6 அடி 10 அங்குல உயரமுடையவர். தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தவர். இளமையில் தம் காலே தமக்குத் தடுக்கும் அளவுக்கு நடை தடுமாறியவர். 1942-இல் சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்னும் பயிற்சியாளர் கையில் இவர் சிக்கினார். மேயர் இவரைக் கயிறு தாண்டச் செய்தார். குத்துச்சண்டைப் பயிற்சி தந்தார். கால்கள் இசைந்து நடக்க வேண்டி நடனம் பயிலவும் அனுப்பினார். கூடையின் இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி நின்று, இடக்கையாலும் வலக்கையாலும் ஓயாமல் பந்தைச் சேர்க்கும் ஒரு பயிற்சியைத் தந்தார். அது இன்றும் மைக்கன் பெயராலேயே உலகெங்கும் பள்ளித் திடல்களில் வழங்குகிறது.

பின்னர் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் குழுவில் அவர் ஆடியபோது, ஆட்டத்தின் விதிகளே அவரைக் கண்டு அஞ்சி மாறின. கூடையருகே தாக்குவோர் நெடுநேரம் நிற்கலாகாதெனக் குறிக்கப்பட்ட பகுதி ஆறடி அகலமாக இருந்தது; அவரைத் தொலைவில் நிறுத்தவே 1951-இல் அதனைப் பன்னிரண்டு அடியாக்கினர். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் குழுவினர் அவர் கைக்குப் பந்து போகக்கூடாதென்று தாமே அதனை வைத்துக்கொண்டு காலங்கடத்தி, 19-க்கு 18 என்ற கணக்கில் வென்றனர். தோற்ற குழுவின் 18 புள்ளிகளுள் 15 மைக்கனுடையவை. இத்தகைய சோம்பல் ஆட்டத்தை ஒழிப்பதற்காகவே 1954-இல் இருபத்து நான்கு வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்னும் விதி வந்தது.

மைக்கன் கதையைச் சொல்லி அத்தந்தையைத் தேற்றிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அக்காலத்தில் அவரை எதிர்த்து நிற்கத்தக்க உயரமுடையோர் மிகச் சிலரே. இன்று ஏழடி உயரமும் மான்போன்ற ஓட்டமும் ஒருங்கே பெற்றவர் பலர் இருக்கின்றனர். மெதுவாக நடக்கும் நெட்டையர் இவர்களுக்கிடையே பிழைப்பது எவ்வாறு?

உடல் விரைவு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று திறன்கள் தெரியும். மேலே எழும்புதல் ஒன்று. முன்னோக்கி ஓடுதல் ஒன்று. பக்கவாட்டில் கால்மாற்றி நகர்தல் மற்றொன்று. எழும்ப இயலாதவர், பந்து விழும் இடத்தை முன்னரே அறிந்து, எதிரியை முதுகால் தடுத்து நின்றுகொண்டால் போதும். ஓட இயலாதவர்க்கும் வழியுண்டு. எந்த மனிதனும் எறிந்த பந்தைவிட விரைந்து ஓடுவதில்லையாதலால், ஓடாமல் பந்தை எறிபவன் ஓடுபவனை முந்திவிடலாம். மூன்றாவதாகிய பக்கவாட்டு நகர்ச்சிக்கு மட்டும் ஈடு காண்பது மிகக் கடினம்.

அதனைச் சற்று விளக்க வேண்டும். இக்காலத்துக் குழுக்கள் ஒரு சூழ்ச்சியை இடைவிடாது கையாளுகின்றன. பந்தை வைத்திருக்கும் விரைவான குள்ளனைக் காப்பவனின் வழியில், தாக்கும் பக்கத்து நெட்டையன் ஒருவன் சுவர்போல் வந்து நிற்கிறான். காப்பவன் அச்சுவரில் முட்டிக்கொள்கிறான். உடனே கூடையடியில் நின்ற எதிர்ப்பக்கத்து நெட்டையன் வெளியே வந்து, அவ்விரைவான குள்ளனைத் தனியே எதிர்கொள்ள நேர்கிறது. வராவிட்டால் அவன் தொலைவிலிருந்தே எறிந்து மூன்று புள்ளி பெறுகிறான். வந்துவிட்டாலோ பக்கவாட்டில் புகுந்து கூடைக்கு ஓடிவிடுகிறான். மூன்று புள்ளிக் கோடு அமெரிக்கத் தொழில்முறைக் கழகத்தில் 1979-லேயே வந்ததாயினும், குழுக்கள் அதனை முழு ஆயுதமாக்கியது 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிற்றான். அதன் விளைவை ராய் ஹிபர்ட் என்பவரிடம் காணலாம். 7 அடி 2 அங்குல உயரமுடைய இவர், 2012-லும் 2014-லும் சிறந்தோர் அணியில் இடம்பெற்றார். 2017-க்குள் அக்கழகத்திலேயே அவருக்கு இடமில்லாமற் போயிற்று. அவர் கற்றதை மறந்துவிடவில்லை. ஆட்டம் அவரைக் கூடையடியிலிருந்து வெளியே இழுத்துவிட்டது.

அப்படியானால் நிக்கோலா யோக்கிச் எவ்வாறு வென்றார் என நேயர்கள் கேட்பது நியாயமே. செர்பிய நாட்டில் சோம்போர் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், 6 அடி 11 அங்குல உயரமும் சற்றே பருத்த உடலும் உடையவர். துள்ளலும் ஓட்டமும் இல்லாதவர். 2014-இல் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்த நாளில் நாற்பது பேரைத் தெரிந்த பின்னரே டென்வர் குழு இவர் பெயரைச் சொல்லிற்று. அவ்வேளையில் தொலைக்காட்சியில் ஓர் உணவுக்கடையின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததாம். பெயர் திரையின் அடியில் வந்து போனதோடு சரி. இவரே 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றார்; 2023-இல் தம் குழுவுக்கு முதன்முறையாகப் பட்டமும் பெற்றுத் தந்தார்.

இவருடைய வெற்றியின் இரகசியம், புள்ளி சேர்ப்பதில் மட்டும் இல்லை. பந்தை வழங்குவதில் இருக்கிறது. தோழர் ஓடத் தொடங்குமுன்னரே, அவர் ஓடி அடையப்போகும் இடத்திற்குப் பந்தை அனுப்பிவிடுகிறார். இவருக்கு முன்னோடியாக லித்துவேனியாவின் ஆர்விடாஸ் சபோனிஸ் என்பவரைச் சொல்லலாம். 7 அடி 3 அங்குல உயரமுடைய அவரை 1986-லேயே போர்ட்லண்டு குழு தெரிந்துகொண்டது. ஆயினும் குதிகால் நரம்பு அறுந்து, கால்கள் ஏறத்தாழப் பயனற்றுப்போன பின்னர், 1995-இல் தான் அவரால் அமெரிக்கா வந்து ஆட முடிந்தது. வந்து, நடந்தபடியே ஆடினார் எனலாம். அவ்வாறு ஆடியும் பெருமதிப்புப் பெற்றார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்த விரும்புகிறோம். திறன் என்றால் கூடையில் பந்தைச் சேர்க்கும் திறன் என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். 2015-இல் மூன்றாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஜலீல் ஒக்கஃபோர் அத்திறனில் குறைவற்றவர். முதல் ஆண்டிலேயே ஆட்டமொன்றுக்குச் சராசரி 17.5 புள்ளி சேர்த்தார். எனினும் தடுப்பாட்டத்தில் தளர்ந்தவர் என்றும், பந்தைப் பிறர்க்கு வழங்குவதில் சிறந்தவரல்லர் என்றும் மதிப்பிடப்பட்டு, சில ஆண்டுகளுள் தம் இடத்தை இழந்தார். மெதுவான கால்களுக்கு ஈடுசெய்வது, முன்னரே காணும் கண்தான் என்பது நம் கருத்து. ஆட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் இதனை மறுத்து, யோக்கிச் ஒருவரே, அவரை அளவுகோலாக்குதல் தகாது என்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒக்கஃபோர் தெரிந்தெடுக்கப்பட்ட அதே நாளில், 52-ஆம் பெயராக, இந்தியாவில் பிறந்த ஒருவர் பெயர் முதன்முதலாக அங்கே ஒலித்தது. அவரே சத்னாம் சிங். பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்தைச் சேர்ந்த பல்லோ கே என்னும் சிற்றூர், உழவர் குடும்பம், தந்தையாரும் ஏழடி மனிதர். பத்து வயதளவில் இலுதியானாவிலுள்ள கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகத்தை வளர்த்தவர் டாக்டர் சுப்பிரமணியன் என்னும் ஆசான். பஞ்சாபின் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலரை நாட்டின் குழுவுக்கு ஆளாக்கியவர். பதினான்கு வயதில், 2010-இல், சத்னாம் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குச் சென்றார். பள்ளிவாசலில் நாம் கண்ட சிறுவனின் வயது அது. ஆங்கிலம் அறியாத ஊரில், ஐந்தாண்டுகள் வீட்டைவிட்டு இருந்தார்.

7 அடி 2 அங்குல உயரமும், மெத்தென்ற கையும் அவருக்கு உண்டு. கால்களோ மெதுவானவை. டல்லஸ் குழு அவரைத் தெரிந்துகொண்டதாயினும், அதன் துணைக்குழுவிலேயே இரண்டு பருவங்கள் ஆடினார்; அங்கும் ஆட்டத்துக்குச் சில நிமிடங்களே கிட்டின. பெரிய கழகத்தின் முறையான ஆட்டமொன்றிலும் அவர் இறங்கவில்லை. பின்னர் 2021-இல் தொழில்முறை மற்போர் அரங்கிற்குச் சென்றுவிட்டார். இதனைத் தோல்வி என்று பேசுவோரை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு கிராமத்துச் சிறுவன் ஐந்தாண்டில் அவ்வாயிலைத் தொட்டதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டுமன்றோ? பஞ்சாபிப் பெற்றோர்க்குக் கனடாவில் பிறந்த சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ குழுவுக்காக இறங்கினார், மூன்றே ஆட்டங்கள்.

பெண்களில் பார்த்தால் கோட்டயத்துக் கீது அன்னா ஜோஸ் நினைவுக்கு வருவார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், நாட்டின் குழுவுக்குத் தலைமை தாங்கிய திறனும் உடையவர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் குழுவுக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கழகத்தின் மூன்று குழுக்கள் அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தன, ஒப்பந்தம் கிட்டவில்லை. ஆனால் அவர் வாழ்வு அதனால் குலையவில்லை. தென்னக இரயில்வேயில் அவருக்கு வேலை இருந்தது.

நம் நாட்டில் கூடைப்பந்தாட்டக்காரர்க்குப் பெரும்பாலும் தொழில் என்பது இதுவே: இரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம், காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் உத்தியோகம். ஆட்டம் ஓய்ந்த பின்னும் மேசை இருக்கும். மாதச் சம்பளம் இருக்கும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இது சிறிய பொருளன்று. லயத்து வீடு வேலை இருக்கும் வரையில்தான் சொந்தம்போல் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதனைவிட்டு நீங்க வேண்டிய நிலை பலருக்கு உண்டு. அந்தக் கணக்கும் அத்தந்தையின் வினாவுக்குள் இருந்ததை நாம் ஊருக்குத் திரும்பிய பிறகே உணர்ந்தோம்.

பள்ளிவாசலில் 1940-இல் தொடங்கிய மின்நிலையத்தை நேயர் சிலர் பார்த்திருக்கலாம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது. மூணாற்றில் தடுக்கப்பட்ட முதிரப்புழை ஆற்றின் நீர், மலைச்சரிவில் பருத்த இரும்புக் குழாய்கள் வழியே இறங்கி, அடியிலுள்ள சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. அம்மலையில் உயரத்திலிருந்து விழும் நீருக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் பாறைதோறும் அருவிதான். அவற்றுள் குழாய்க்குள் புகுந்த நீரே விளக்கெரிக்கிறது. நெட்டைச் சிறுவரைப் பார்த்தவுடன் நம் பயிற்சியாளர் சிலர், கூடையடியில் நிறுத்தி, கையை மேலே தூக்கிக்கொண்டிரு என்று மட்டும் கற்பிக்கின்றனர். பந்தைத் தட்டிச் செல்லவும், தொலைவிலிருந்து எறியவும், தோழர்க்கு வழங்கவும் குள்ளர்க்கே சொல்லித்தருகின்றனர். பள்ளிவாசல் சிறுவனிடம் இருக்கும் ஒரே அரிய பொருள் அந்தப் பார்வை. அதனை ஆண்டுக்கணக்கில் கூடையடியில் நிறுத்தி மழுங்கச் செய்தால், அவனுக்கு உயரத்தைத் தவிர ஒன்றும் எஞ்சாது.

ஆகவே அத்தந்தைக்குக் கடிதம் எழுதினோம். விடுதிக்குச் சென்று ஒரு மாலை முழுதும் ஆட்டத்தைப் பார்க்கும்படி கூறினோம். நெட்டைப் பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்களா, அல்லது வளையத்தின் கீழ் தூணாக நிற்கிறார்களா என்று கவனிக்கச் சொன்னோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிப் படிப்பு தடையின்றி நடக்குமா, முழங்கால் வலித்தால் ஓய்வு தருவார்களா என்று வாய்விட்டுக் கேட்கச் சொன்னோம். பையன் தினந்தோறும் கயிறு தாண்டட்டும் என்றும், அமெரிக்காவை அவன் காதில் யாரும் ஓதாதிருக்கட்டும் என்றும் எழுதினோம்.

பதில் வந்தது. விடுதியைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், பையனுக்குப் பிடித்திருப்பதாகவும், அவன் தாய் மட்டும் இன்னும் இசையவில்லை என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு வேண்டுகோள்: பதின்மூன்றாம் எண் காலணி மூணாற்றுக் கடைத்தெருவில் எங்கும் இல்லையாம், நகரத்தில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டுமாம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.