நமக்கு நாமே எழுதும் செக்ரோல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலின் சுகாதார அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் சாப்பாட்டைக் குறைப்பது பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கலாம். பகலுணவு மணம் மண்டபத்துக்குள் வந்துவிட்ட நேரத்தில் பேசுவது அதைவிடச் சங்கடம்தான். ஆனாலும் பழைய தோழியர் கூடும் இடமெல்லாம் பேச்சு கடைசியில் சீனி வருத்தம், பிரசர், முழங்கால் வலி என்றே முடிகிறது. யார் என்ன குளிசை எடுக்கிறார்கள் என்பது நமக்கு மனப்பாடம். ஆகவே எடையைக் குறைப்பதற்காக நாம் உண்பதை எழுதி வைப்பதையும், எழுதத் தொடங்கியதை விடாமல் தொடர்வதையும் பற்றிச் சிறிது பேசுவோம்.

முதலில் இது அழகுக்கான விடயம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். நம்மில் பெரும்பாலானோர் தோட்டத்தில் பிறந்தவர்கள். 2016ஆம் ஆண்டு நாடளாவிய சனத்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். நமது தலைமுறையின் நிலை இதைவிட நன்றாக இருந்திருக்காது. பிரித்தானிய வைத்திய ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியிலும் 1990களிலும் ஒரு கருத்தை முன்வைத்தார். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் குறைந்து வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதே அது. குறைவாகக் கிடைத்ததைச் சேமித்து வைக்கப் பழகிய உடலுக்குப் பின்னர் தாராளமாகக் கிடைத்தால் அதைத் தாங்க முடிவதில்லை.

நம் கதையும் அதுதான். அம்மா கூடையுடன் மலை ஏறினார். நாம் படித்து, ஆசிரியையாக, தாதியாக, வங்கி உத்தியோகத்தராகக் கதிரையில் அமர்ந்தோம். சிலர் கொழும்புக்கும், சிலர் டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போனோம். ஏறி இறங்கும் மலை போய்விட்டது. ரொட்டியின் அளவு அப்படியே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று 2004இல் எடுத்துரைத்தது. கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அந்தச் சுட்டி. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 52 கிலோ. "நாம் ஒன்றும் குண்டில்லையே" என்று சொல்பவர்களும் வீட்டுக்குப் போய் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரி, எழுதினால் எடை குறையுமா? அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேரை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் உணவைக் குறித்து வைத்தவர்கள், குறித்து வைக்காதவர்களைவிட இரு மடங்கு எடை குறைந்திருந்தார்கள். இதன் காரணம் 1992இல் வந்த வேறொரு ஆய்வில் தெரிகிறது. "கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் இளைக்கவில்லை" என்று முறையிட்ட ஒரு சிறு குழுவினரைப் பரிசோதித்தார்கள். அவர்கள் உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்ததை வாயில் போட்டது, பக்கத்து வீட்டில் குடித்த தேத்தண்ணி, இவையெல்லாம் சாப்பாடு என்ற கணக்கிலேயே மனதில் பதிவதில்லை. எழுதும் கைக்குத்தான் அவை பிடிபடும்.

பதிவு என்பது நமக்குப் புதிதல்ல. மலையகத்துப் பெண்ணைப் போல் நிறுக்கப்பட்டவள், எழுதப்பட்டவள் வேறு யார்? காலையில் பெரட்டுக் களத்தில் பேர். கொழுந்து மடுவத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை நிறுவை. 18 கிலோ, 20 கிலோ என்று வைத்த அளவுக்குக் குறைந்தால் அரைப் பேர். கூடைக்குக் கழிவு, தண்ணீருக்குக் கழிவு. அந்தச் செக்ரோல் நம் தாய்மாரின் உழைப்பைப் பற்றியது. ஆனால் அது அவர்கள் கையில் இருக்கவில்லை. கையில் கிடைத்தாலும் பலருக்கு வாசிக்கத் தெரியாது. தம் கணக்கைத் தாமே எழுத முடியாதிருந்தவர்களின் பிள்ளைகள் நாம். நம்மை எழுத வைத்தது இந்தப் பாடசாலை. நாம் எழுதப் போகும் செக்ரோலில் எழுதுபவரும் நாமே, வாசிப்பவரும் நாமே. அதில் அரைப் பேர் கிடையாது. இதை மனதில் வைத்தால் பாதிப் பயம் போய்விடும். உண்மையை எழுத நாம் கூசுவதே, யாரோ ஒருவர் பார்த்துக் கழிக்கப் போகிறார் என்ற பழைய அச்சத்தால்தான்.

எதில் எழுதுவது? ஒரு சீஆர் கொப்பி போதும். கைத்தொலைபேசிச் செயலிகள் இருக்கின்றன. வசதியானவர்கள் அவற்றைப் பயன்படுத்தட்டும். ஆனால் நம் வீட்டு இடிச்ச சம்பலில் எவ்வளவு தேங்காய் விழுகிறது என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. நம் வீட்டு அளவையே அளவாக வைப்போம். ரொட்டி எத்தனை, சோறு எத்தனை அகப்பை, எண்ணெய் எத்தனை கரண்டி, சீனி எத்தனை கரண்டி. தொடங்கும்போது ஒரே ஒரு தடவை மாவையும் அரிசியையும் கடைத் தராசில் நிறுத்து, நம் அகப்பைக்கும் கோப்பைக்கும் எவ்வளவு பிடிக்கிறது என்று கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்துவிடலாம். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 350 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120. டின்பால் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 60. இந்த மூன்றும் நினைவில் இருந்தால் நம் சமையலறைக் கணக்கில் பெரும் பகுதி கையில் வந்துவிடும்.

தேத்தண்ணியை எடுத்துக்கொள்வோம். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: வெறும் சாயத்தில் கலோரி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 15 கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்றாலும் 60 கிராம். அதாவது 240 கலோரி, ஏறக்குறைய ஒரு பெரிய ரொட்டிக்கான மாவு. உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடிப்பவர்களுக்கு இன்னும் கூடும். இந்த 240ஐ நாள்தோறும் தவிர்த்தால் ஏட்டுக் கணக்குப்படி மாதத்துக்கு ஒரு கிலோவை நெருங்கும். உடல் ஏட்டுக் கணக்கை அப்படியே பின்பற்றாது. போகப் போக வேகம் குறையும். ஆனாலும் சோற்றில் கை வைக்காமலே இவ்வளவு தூரம் போகலாம் என்பதை எழுதிப் பார்க்கும்போதுதான் காண்கிறோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தொடங்குவது எளிது. புது வருடத்தில், பிறந்த நாளில், வைத்தியர் பயமுறுத்திய மறுநாளில் எல்லோரும் தொடங்குகிறோம். கொப்பி மூன்றாம் வாரத்தில் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று கவனித்தால் பெரும்பாலும் ஒரு கலியாணத்தில், ஒரு தேர்த் திருவிழாவில், தீபாவளிப் பலகாரத்தில், அல்லது வீட்டில் நோய் வந்த ஒரு வாரத்தில். அன்றைக்கு எழுதவில்லை, மறுநாள் எழுத வெட்கம், அதற்கு மறுநாள் கொப்பி எங்கே என்றே தெரியாது. மூன்று வேளையும் கிராம் கணக்கில் எழுதத் தொடங்கியவர்கள் சீக்கிரம் களைத்துப் போகிறார்கள்.

இதற்கு 2019இல் வந்த ஓர் ஆய்வு ஆறுதல் தருகிறது. அமெரிக்காவில் 142 பேர் 24 வாரங்கள் தம் உணவைப் பதிந்தார்கள். முதல் மாதத்தில் நாளுக்கு ஏறக்குறைய 23 நிமிடம் செலவானது. ஆறாம் மாதத்தில் 15 நிமிடமாகக் குறைந்தது. எவ்வளவு நேரம் செலவிட்டார்கள், எவ்வளவு விரிவாக எழுதினார்கள் என்பதைவிட, நாளில் எத்தனை தடவை எழுதினார்கள் என்பதே எடை குறைந்ததோடு தொடர்புபட்டிருந்தது. கையெழுத்துக் கோணலானாலும், அளவு சற்றுப் பிசகினாலும், அடிக்கடி தொடப்படும் கொப்பிதான் வேலை செய்கிறது.

ஆகவே சில சின்ன வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு எழுந்து கை கழுவியதும் ஒரு வரி. இரவு வரை ஒத்திவைத்தால் நாலு மணிப் பணிஸ் மறந்துவிடும். கொப்பி தேத்தண்ணிப் பேணிக்குப் பக்கத்தில், பேனை கட்டப்பட்டபடி இருக்கட்டும். திருவிழா நாளில் "திருவிழா, நிறையச் சாப்பிட்டோம்" என்ற ஒரு வரியே போதும். இடையில் நாலு நாள் விட்டுப்போனால் அந்த நாலு நாளை நினைவிலிருந்து தோண்டி நிரப்ப வேண்டாம். இன்றைய திகதியைப் போட்டு இன்றைய தேத்தண்ணியிலிருந்து தொடருவோம். எடையை வாரத்தில் ஒரு நாள், காலையில், ஒரே தராசில் பார்ப்போம். ஞாயிறு பத்து நிமிடம் அந்த வாரத்தைத் திருப்பி வாசித்து, ஒன்றே ஒன்றை மாற்றுவோம். வாசிக்கப்படாத கொப்பி வெறும் கடதாசி.

நமக்கே உரிய ஒரு தடையையும் சொல்லாமல் விட முடியாது. 1973, 74ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது தோட்டங்களில் பட்டினியால் பலர் இறந்தார்கள். அதைக் கண்ட பாட்டிமாரும் அம்மாமாரும் நம்மை வளர்த்தார்கள். தட்டில் மிச்சம் வைப்பது பாவம், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்பது பாசம். பிள்ளை கொழுகொழுவென்றிருப்பது அவர்களுக்கு ஒரு வெற்றி. அந்தக் கைகளிடமிருந்து தட்டை விலக்குவது எளிதல்ல, விலக்கவும் வேண்டியதில்லை. அன்புக்காகச் சாப்பிட்டதையும் எழுதுவோம். அம்மா வீட்டுச் சோறு எவ்வளவு, நம் வீட்டுச் சலிப்பில் தின்ற பிஸ்கட் எவ்வளவு என்று கொப்பியில் பிரித்துத் தெரியும்போது, எதைக் குறைப்பது என்பதில் பெரிய போராட்டமே இருக்காது. தட்டில் எடுக்கும்போதே குறைவாக எடுத்தால் மிச்சம் வைக்கும் பாவமும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைப்பில் இறங்கக் கூடாது. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் உணவைக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அரச வைத்தியசாலைகளில் நடுத்தர வயதினருக்கு எடை, இரத்த அழுத்தம், சீனி பார்த்து ஆலோசனை சொல்லும் நிலையங்கள் 2011இலிருந்து இயங்குகின்றன. அங்கே கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டலாம். இந்த மண்டபத்தில் இருக்கும் இன்றைய மாணவிகளுக்கு ஒரு சொல்: இது உங்களுக்கான பாடம் அல்ல. நீங்கள் வளர்கிற பிள்ளைகள், நன்றாகச் சாப்பிடுங்கள். தோட்டத்தில் இன்னும் மெலிந்தும் இரத்தசோகையோடும் இருக்கும் நம் சகோதரிகளுக்கும் இது பொருந்தாது. அவர்கள் கொப்பி எழுதினால், தட்டில் பருப்பும் மீனும் முட்டையும் கீரையும் எத்தனை நாள் இல்லை என்பதைத்தான் அது காட்டும். கொப்பி யாருக்காவது மன வேதனையாக, சாப்பிடவே பயமாக மாறினால், உடனே மூடிவிட்டு உதவி தேட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனியாக எழுதுபவர் சீக்கிரம் சோர்வார். நாலைந்து தோழியர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஞாயிறுதோறும் ஒரே ஒரு செய்தி அனுப்பிக்கொள்வோம். எடை எவ்வளவு என்று கேட்க வேண்டாம். இந்த வாரம் எத்தனை நாள் எழுதினோம் என்பதை மட்டும் சொல்வோம். ஏழில் மூன்று என்றால் மூன்று. ஹட்டனில் இருப்பவருக்கும் டொரன்டோவில் இரவு வேலை முடித்து வருபவருக்கும் அது ஒன்றுதான். வகுப்பறையில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் இன்றும் பக்கத்தில் இருக்கிறார் என்ற எண்ணமே பல நாள் பேனையை எடுக்க வைக்கும். சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எடை குறைந்தவர்களைவிட, இன்னமும் எழுதிக்கொண்டிருப்பவர்களைத்தான் எழுந்து நிற்கச் சொல்லப் போகிறோம்.

 பகலுணவு ஆயத்தமாக இருக்கிறது. ஆறுதலாக, ருசித்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் ஒரு வரி எழுதிவிடுங்கள்.