ஒழுகும் குழாயும் வட்டி கேட்கும்

(காக்களூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுவில் சேர்ந்த புதிதில் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த பழமொழி, ‘சிறு துளி பெரு வெள்ளம்’. சேமிப்புக்காகச் சொன்னார்கள். அதே பழமொழி தலைகீழாகவும் வேலை செய்யும். சொட்டுச் சொட்டாகச் சேருகிற மாதிரியே, சொட்டுச் சொட்டாகப் போகவும் செய்யும். இன்று நான் பேசப் போவது வீட்டில் ஒழுகும் குழாயைப் பற்றி. “இது ஒரு விஷயமா?” என்று சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் கேளுங்க.

ஏன் தள்ளிப் போடுகிறோம்? “ஒரு வாஷர் மாத்த எந்த பிளம்பர் வருவார்?” என்கிறோம். வீட்டுக்காரர் சிட்கோவில் ஷிப்டு முடித்து அலுத்துப்போய் வருகிறார். “ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்கிறார். எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. அதுவரைக்கும் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டி வைக்கிறோம். ஒழுகல் நிற்கவில்லை, நம் கண்ணுக்குத்தான் மறைந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். இன்று ராத்திரி ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு டம்ளர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி டம்ளர் நிறைந்தால், ஒரு நாளைக்கு 24 டம்ளர். அதாவது 4.8 லிட்டர். வருஷத்துக்கு 1,752 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 117 குடம்! மத்திய அரசு 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு வாஷர் மாற்றாததால் ஒரு ஆளின் ஒரு மாதத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டோம்.

தண்ணீரின் அருமை நம்ம ஜில்லாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூண்டி ஏரி 1944இல் கட்டியது. 2019 கோடையில் அந்தப் பூண்டியும், சோழவரமும், புழலும், செம்பரம்பாக்கமும் வறண்டன. அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் போனது. நம்ம திருவள்ளூர் தண்டவாளத்தில்தான் போனது. அப்படி ரயில் ஏறிப் போன பொருள் நம் வாசலில் வீணாகப் போகலாமா?

தண்ணீரோடு போனால் பரவாயில்லை. வீட்டையும் அது விடாது. சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தால் முதலில் சுண்ணாம்பு உப்பும், பிறகு பூச்சு உதிரும், பிறகு உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து சிமெண்டைப் பிளக்கும். ஈரம் சுவிட்சு போர்டு வரை வந்துவிட்டால் சுவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். அப்படி ஈரம் கண்டால் முதல் வேலை மெயினை அணைப்பதுதான். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது.

டேங்க் மிதவை வால்வு பழுதானால் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், மோட்டார் கூடுதலாக ஓடும். 1 எச்.பி. மோட்டார் தினம் அரை மணி அதிகம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 22 யூனிட்டாவது ஏறும். வழிந்த தண்ணீர் மூலையில் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதுதான் தொட்டில். அந்தக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று சொல்லவே கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரஷர் இல்லை என்று நாம் பள்ளம் தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே டேப் வைக்கிறோம். அந்தப் பள்ளத்தில் அழுக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயில் இருந்து வெளியே ஒழுகும். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகும். அப்போது வெளியே நிற்கும் சாக்கடைத் தண்ணீரை அதே ஓட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். மெயின் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டு ஓட்டை, தெருவுக்கே வியாதி.

நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்தது இது. பேர் சொல்லாமல் சொல்லச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார். பள்ளத்துக் குழாய் ஜாயிண்டு நாலு மாதமாக ஒழுகியது, டியூப் கட்டியே ஓட்டினார்கள். ஐப்பசி மழையில் பக்கத்துக் கழிவறைத் தண்ணீர் பள்ளத்தில் ஏறியது. ரெண்டு பிள்ளைக்கும் மாமியாருக்கும் வாந்தி பேதி. தண்ணீரால்தான் வந்திருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி, ஆட்டோ, மருந்து, ஆறு நாள் கம்பெனிச் சம்பளம் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் போனது. அதற்குக் குழுவில் கடன் வாங்கினார். பிறகு ஜாயிண்டு மாற்றிய செலவு 400 ரூபாய்!

யோசித்துப் பாருங்கள். நம் உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாயோ, இரண்டு ரூபாயோ வட்டி. 400 ரூபாய் வேலை நாலு மாதத்தில் 9,000 ஆனால் அது என்ன வட்டி? கந்துவட்டிக்காரன்கூட கேட்க மாட்டான். ஒழுகும் குழாய் என்பது பாஸ் புத்தகத்தில் எழுதாத கடன். அதை அடைப்பது பெரும்பாலும் பெண்தான். குடம் தூக்குவதும், சுவர் துடைப்பதும், ஆஸ்பத்திரியில் ராத்திரி விழிப்பதும் நாம்தானே?

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெரு அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற டாக்டர் காட்டினார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூன்றடிக்குள் ஒரு வீட்டுக் கழிவுக் குழி. அதன் செங்கல் கட்டு இற்றுப்போய்க் கிடந்தது. அந்த வீட்டில் பேதியால் இறந்த கைக்குழந்தையின் துணி அலசிய தண்ணீர் அந்தக் குழிக்குத்தான் போயிருந்தது. இற்றுப்போன அந்தச் செங்கல் கட்டை முன்னாடியே யாராவது பூசியிருந்தால்?

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, மாதக் கூட்டத்தில் கடன், சேமிப்பு பேசி முடித்ததும் ஒரு கேள்வி: “யார் வீட்டில் ஒழுகுது?” கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒரு வீட்டுக்கு வராத பிளம்பர் எட்டு வீட்டுக்கு வருவார். ஒரே நாளில் எல்லா வேலையும் சேர்த்துக் கூப்பிடுவோம். கூலியைப் பேசி முடிவு செய்து, பங்கிட்டுக் கொடுப்போம்.

மூன்றாவது, பழுதுக்கு என்று சின்ன உள்கடனுக்குத் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதுவோம். பிள்ளை படிப்புக்குக் கடன் கொடுக்கும் குழு, பிள்ளை குடிக்கும் தண்ணீருக்குக் கொடுக்கக் கூடாதா?

நான்காவது, ஸ்பேனர், வெள்ளை டேப், நாலு வாஷர் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைப்போம். கேட் வால்வை மூடிவிட்டு, டேப்பைக் கழற்றி வாஷர் மாற்ற நாமே கற்றுக்கொள்ளலாம். வங்கிப் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்ட கைக்கு இது பெரிய வேலையா?

ஐந்தாவது, வாடகை வீடாக இருந்தால் ஹவுஸ் ஓனரிடம் வாயால் சொல்வதோடு, தேதி போட்டு எழுதியும் கொடுங்கள். தெருக்குழாய் உடைந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் குழு பேரில் மனு கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ஜல் ஜீவன் வழிகாட்டுதலில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி என்று இருக்கிறது. நம்ம ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று கேட்போம்.

பழுது சரியாகும் வரை, தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். பேதி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சகோதரிகளே, தவணை ஒரு நாள் தவறினால் குழுவே கூடிக் கேட்கிறோம். குழாய் நாலு மாதம் ஒழுகினால் யாரும் கேட்பதில்லை. இனிமேல் அதையும் கேட்போம். இன்று வீட்டுக்குப் போனதும் டம்ளர் வைத்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு எத்தனை டம்ளர் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.