வயல்காட்டில் விளைந்த கவிஞர்
(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன், சேமிப்பு, வட்டி என்று ஒவ்வொரு மாதமும் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு பாட்டுக்காரரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். அவர்தான் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

1930-ல் பட்டுக்கோட்டை பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலந்தான். மாடு மேய்த்தார், வயலில் வேலை செய்தார், நாடகத்தில் நடித்தார். விவசாயச் சங்கத்திலும் பாடுபட்டார். புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றார். 1950-களின் நடுவில் சினிமாவுக்குப் பாட்டு எழுத வந்தார்.

1958-ல் வந்த நாடோடி மன்னன் படத்தில் அவர் எழுதிய பாட்டு ஒன்று, பாடுபட்டு விளைய வைத்தவர்களுக்கு என்னதான் மிஞ்சியது என்று கேட்கிறது. களத்துமேட்டில் நாம் கேட்கிற அதே கேள்விதானே? நாம் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். அதனால்தான் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது மனப்பாடம்.

1959 அக்டோபர் 8-ல் காலமானார். வயது 29தான். மனைவி கௌரவம்மாள், கையில் பச்சைக் குழந்தை. ஆனால் பாட்டு சாகவில்லை. இசைத்தட்டிலும் புத்தகத்திலும் பதிந்திருந்தது. 1993-ல் தமிழக அரசு அவர் பாடல்களை நாட்டுடைமை ஆக்கி, குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் அதை அச்சுப் போடலாம்.

இதை ஏன் சொல்கிறோம்? எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இருந்தார். நடவுக்கு இறங்கினால் பொழுது சாயும்வரை பாடுவார். கூட்டத்தில் பாடச் சொன்னால், "கைநாட்டு வைக்கிறவ பாட்டெல்லாம் ஒரு பாட்டாடி?" என்று சிரித்துவிடுவார். நாங்களும் அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டோம். போன தை மாசம் அவர் இறந்துபோனார். அவர் பாடிய பாட்டில் இரண்டு அடிகூட எங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை. வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிற நாங்கள், இதை எழுதாமல் விட்டோமே!

நடவுக்கு மிஷின் வந்துவிட்டது. நடவுப் பாட்டு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பெரியவர்கள் பாடட்டும், எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். பாடியவர் பெயரை மறக்காமல் மேலே போடுங்கள்.

எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, பாட்டு தெரியுமே! இந்த மாதமே ஆரம்பிப்போம்.