ஓடை எங்கே இருந்தது என்று கேட்டு வைப்போம்

(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)



2024 டிசம்பர் தொடக்கம் நினைவிருக்கும். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, கடலே இல்லாத நம் மாவட்டத்தில், அரூரில் ஒரே நாளில் 33 செ.மீ. மழை. பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

மழையைத் தடுக்க முடியாது. தண்ணீர் எந்த வழியில் வரும், எங்கே நிற்கும் என்பதை முன்பே குறித்து வைக்கலாம். அதற்கான அடிப்படை நம் வருவாய்க் கணக்கிலேயே இருக்கிறது. ஏரி, ஓடை, வாய்க்கால் எந்தப் புல எண்ணில் வருகிறது என்று ‘அ’ பதிவேடு சொல்லும். அதை இணையத்திலேயே யாரும் பார்க்கலாம்.

“தண்ணீர் நிற்கும் இடம் என்று நாமே எழுதிக் கொடுத்தால் வீட்டு விலை குறையாதா?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மறைத்தால் தண்ணீர் வராமல் போகாது. எழுதிக் கொடுத்தால், நமக்கு மேட்டுப் பக்கம் புதிதாக மனை பிரிக்கும்போது ஓடையை அடைக்காதீர்கள் என்று ஆதாரத்தோடு கேட்கலாம்.

இந்த மழைக்காலத்தில் பிளாக்குக்கு ஒருவர் குறித்துத் தாருங்கள்: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எப்போது வடிந்தது. இங்கே முன்பு வயல் வைத்திருந்த பெரியவர்களையும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரைபடமாக்கி, ஜனவரி 26 கிராம சபையில் மனுவாகக் கொடுப்போம்.