பெயர் எழுதாத பிள்ளைகள்

(பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஏழைகளுக்கு அரசாங்கம் மருத்துவக் காப்பீடு தருகிறது என்று கேள்விப்பட்டதும், ஏழைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். சட்டம் கொடுப்பது ஒன்று. பிள்ளையின் கைக்கு வந்து சேருவது வேறொன்று. நடுவில் நிற்கும் தடைகள் யாவை என்று சற்றுச் சிந்திப்போம்.

முதல் தடை, சட்டத்திலேயே இருப்பது. ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில் 2003-ம் ஆண்டு தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டோர் சந்தா கட்ட வேண்டியதில்லை என்றார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளில், பெற்றோர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தால்தான் பிள்ளைக்கு அந்தச் சலுகை. தகப்பனால் சந்தா கட்ட முடியாவிட்டால் பிள்ளையும் வெளியே நின்றது. அந்த நிபந்தனை பிற்பாடுதான் தளர்ந்தது. நம் நாட்டில் 2008-ல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 பேர் என்று வரம்பு. ஏழு பேர் உள்ள வீட்டில் யாரை விடுவது? 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அந்த வரம்பு இல்லை.

இரண்டாவது தடை, காகிதம். நம் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகிறது. சந்தாவைக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை; அரசே கட்டுகிறது. ஆனால் வருமானச் சான்று வேண்டும். குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஏறப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஒரு படி தவறினால் அடுத்த படி ஏற முடியாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி போகிறது. கணவனைப் பிரிந்து வாழும் தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் மாமனார் வீட்டு அட்டையிலேயே கிடக்கின்றன. செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போன குடும்பம், கையெழுத்துக்காகச் சொந்த ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தடை, நமது மனப்போக்கு. 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், அட்டை எதற்கு?' என்கிறோம். சாதாரணக் காய்ச்சலுக்கு அட்டை தேவைப்படாததால் அதை மறந்தும் விடுகிறோம். இருதயத்தில் ஓட்டை என்று மருத்துவர் சொல்லும் அன்றுதான் தேடுகிறோம். பிள்ளை மருத்துவமனையில் கிடக்க, தகப்பன் அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். தாய் தாலியை அடகு வைக்கிறாள்.

சட்டத்தை மாற்றுவது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்பது நமது உரிமை. ஆனால் நம் கையில் இருப்பதை நாம் இன்றே செய்யலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் எல்லாம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது கோவில் பதிவேடு. அரசாங்கத்தின் பிறப்புப் பதிவு வேறு. பிறந்த 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் பெயரில்லாமலே வந்திருக்கும்; ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம்.

ஆகவே படித்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு வீடாகச் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் உண்டா? குடும்ப அட்டையில் உண்டா? காப்பீட்டு அட்டையில் உண்டா? 'இல்லை' என்ற வீட்டுக்கு மனு எழுதிக் கொடுங்கள். எழுத்தறியாத தாயோடு தாலுகா அலுவலகம் வரை துணைக்குப் போங்கள். மதம், சாதி பார்க்காமல் தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் போங்கள்.

பிள்ளைக்கு மனு எழுதத் தெரியாது; வரிசையில் நிற்கத் தெரியாது. அதற்காகப் பெரியவர்களாகிய நாம்தான் நிற்க வேண்டும்.