ஒரு கூடத்தில் இரு சப்வூஃபர்கள்



சித்தூரிலும் திருப்பதியிலும் இன்று எழும் புதிய வீடுகளின் கூடங்களில் ஹோம் தியேட்டர் என்னும் ஒலியமைப்புக்கு ஓரிடம் ஒதுக்குவது அரிதன்று. பேச்சுக்கும் இசைக்கும் சில பெட்டிகள்; இடி முழக்கம், முரசொலி, பொறிகளின் உறுமல் ஆகிய தாழ்ந்த ஒலிகளுக்கெனத் தனியே ஒரு பெட்டி. இத்தனிப் பெட்டியையே சப்வூஃபர் என்கிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் வாங்கிய அமைப்போடு 8 அங்குல சப்வூஃபர் ஒன்று வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் 12 அங்குலப் பெட்டியொன்றை வாங்குகின்றனர். பழையதும் பழுதின்றி இருக்கிறது. அதை ஏன் பரணில் ஏற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்து இயக்கினால் இன்பம் இரட்டிக்குமன்றோ என்று எண்ணுகின்றனர். ஆனால் இயக்கிப் பார்த்தால், சோபாவின் ஒரு கோடியில் காது அடைக்கும் முழக்கம். நடுவிலோ ஒலி வெறுமையாயிருக்கிறது. கோடியில் அமர்ந்த பாட்டிக்குத் திரையில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. பொருள் செலவிட்டும் பயன் குறைந்தது. இஃது ஏன் என்பதையே இன்று ஆராய்வோம்.

தாழ்ந்த ஒலியின் அலைகள் மிக நீண்டவை. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.7 மீட்டர். நம் கூடமோ 5 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்டதென்று வைத்துக்கொள்வோம். அலை அறையினும் பெரிது. அது சுவரில் மோதித் திரும்பித் தன்னோடு தானே கலக்கிறது. அலைநீளத்தின் பாதி அறையின் நீளத்துக்குச் சமமாகும்போது அவ்வொலி அறைக்குள் தேங்கி நின்று முழங்குகிறது. இக்கூடத்தில் நீளவாட்டில் அது 35 ஹெர்ட்ஸில் நிகழும். அகலவாட்டில் 50 ஹெர்ட்ஸில் நிகழும். இரண்டு எதிர்ச்சுவர்களின் ஓரத்தில் ஒலி ஓங்கும், நடுவில் ஒடுங்கும். சோபாவின் கோடிக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் இதுவே.

நம் பகுதி வீடுகளில் இக்குறை மிகுதி. செங்கற்சுவர், கான்கிரீட் கூரை, தரையில் குப்பம் பக்கத்துக் கருங்கல்: இவை யாவும் தாழ்ந்த ஒலியைச் சிறிதளவே உண்டு, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவன. மெல்லிய திரைச்சீலையும் கம்பளமும் உயர்ந்த ஒலிகளைத் தணிக்குமேயன்றி 35 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யா.

இங்கேதான் இரண்டாவது பெட்டிக்கு வேலை உண்டு. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றையொன்று ஒத்த இரு பெட்டிகளை வைத்து ஒரே வேளையில் இயக்கினால், ஒன்று எழுப்பும் தேக்க அலையை மற்றொன்று அழித்துவிடும். ஊஞ்சலின் இருபுறமும் இருவர் நின்று ஒரே கணத்தில் சம வலியோடு தள்ளினால் ஊஞ்சல் அசையாதிருப்பதைப் போன்றது இது. டாட் வெல்டி என்னும் ஒலியியலாளர் 2002-ஆம் ஆண்டில் ஒலிப் பொறியியல் கழகத்தின் மாநாட்டில் அளித்த ஆய்வில், எத்தனை பெட்டிகளை எங்கெங்கே வைத்தால் எல்லா இருக்கைகளிலும் ஒலி ஒருபடித்தாய் அமையும் என்பதை ஆராய்ந்தார். எதிர்ச்சுவர்களின் நடுவில் இரண்டு என்பது அவர் கண்ட நல்ல ஏற்பாடுகளுள் ஒன்று. எனவே இரண்டு பெட்டிகளால் பெறும் தலையாய நன்மை மிகுந்த முழக்கமன்று. அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரே ஒலியைக் கேட்பதே.

ஆனால் நம் குடும்பத்தின் பெட்டிகள் ஒத்தவையல்லவே. புதியது முற்றும் மூடிய பெட்டி. பழையது காற்றுத்துளை உள்ளது. மூடிய பெட்டியின் ஒலி, தன் எல்லைக்குக் கீழே ஒரு ஸ்தாயி இறங்குவதற்குள் 12 டெசிபல் அளவே குறையும். துளையுள்ள பெட்டியோ தன் எல்லை வரை உரக்க ஒலித்து, அதன்பின் ஸ்தாயிக்கு 24 டெசிபலாகச் சரியும். அன்றியும் அவ்வெல்லையை அடுத்து அதன் அதிர்வு காலத்தால் பிந்துகிறது. ஒன்று காற்றை முன்னே தள்ளும் வேளையில் மற்றொன்று பின்னே இழுக்கக்கூடும்.

இந்தக் காலப் பொருத்தத்தையே கட்டம் என்பர். சம வலிமையுள்ள இரண்டு ஒலிகள் கட்டம் ஒத்துச் சேர்ந்தால் 6 டெசிபல் கூடும். 90 பாகை பிசகினால் 3 டெசிபலே கூடும். 120 பாகை பிசகினால் இரண்டாவது பெட்டியால் ஆதாயம் ஒன்றுமில்லை. அதற்கும் மேற்பட்டால் ஒலி குறையும். 180 பாகையில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பெட்டியைக் கூட்டி ஒலியைக் குறைத்துக்கொண்ட கதையாக முடியும்.

ஒவ்வாத கருவிகள் சேர்ந்தொலிப்பது நம் இசைக்குப் புதிதன்று. 1954-ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் மாணாக்கர். அந்த ஆசிரியரின் கச்சேரிகளில் மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் முதலிய பல தாளப் பக்கங்கள் ஒருங்கே இடம் பெற்றன. தோலும் மண்ணும் மனிதக் குரலும் ஒரே தன்மையுடையன அல்ல. அவை தாளத்தில் ஒன்றின. தத்தம் அளவில் நின்றன. நம் பெட்டிகளுக்கும் இவ்விரண்டுமே வேண்டுவன.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலாவதாக, இரண்டு பெட்டிகளிலும் உள்ள கிராஸ்ஓவர் திருகுகளை உச்சத்தில் வைத்துவிட்டு, 80 ஹெர்ட்ஸ் எல்லையை வகுக்கும் பொறுப்பை ரிசீவருக்கே விட வேண்டும். பெட்டிக்கொரு வடிகட்டி குறுக்கிட்டால் கட்டம் மேலும் பிசகும். இரண்டாவதாக, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து, அமரும் இடத்தில் இரண்டின் அளவையும் சமமாக்க வேண்டும். கைப்பேசிச் செயலி தாழ்ந்த ஒலியின் உண்மை அளவைக் காட்டாதெனினும், ஒரே ஒலியை ஒரே இடத்தில் ஒப்பிட அது போதும். சிறியதைப் பெரியதன் அளவுக்கு முறுக்கலாகாது; பெரியதையே சிறியதன் அளவுக்கு இறக்க வேண்டும். மூன்றாவதாக, 50 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் எழுப்பி, சிறிய பெட்டியின் பின்புறமுள்ள ஃபேஸ் விசையை மாற்றிப் பார்க்க வேண்டும். நடு இருக்கையில் எந்நிலையில் ஒலி உரக்கக் கேட்கிறதோ அதுவே பொருந்திய நிலை.

இடத்தைப் பற்றி ஒன்று. பழைய பெட்டியின் திறன் ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸோடு முடிகிறதென்று கொள்வோம். கூடத்தின் நீளவாட்டுத் தேக்கமோ 35 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அவ்விடத்தில் சிறியதால் பெரியதற்கு உதவ இயலாது. ஆதலால் பெரிய பெட்டியை நீண்ட சுவரின் நடுவில் வைப்பது நலம். அங்கிருந்து அந்த 35 ஹெர்ட்ஸ் தேக்கம் எளிதில் எழாது. அதற்கு நேரெதிர்ச் சுவரின் நடுவில் சிறியதை வைக்கலாம். 50 ஹெர்ட்ஸ் இரண்டின் திறனுக்கும் உட்பட்டதாகையால், அகலவாட்டுத் தேக்கத்தை இரண்டும் கூடித் தணிக்கும். கதவோ அலமாரியோ குறுக்கிட்டால், இயன்றவரை அவ்விடத்தை ஒட்டி வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

சிறியதற்கு அதன் எல்லைக்குக் கீழான ஒலி செல்லாதபடி தடுக்கும் வசதி இருப்பின் அதைப் பயன்படுத்த வேண்டும். துளையுள்ள பெட்டி தன் எல்லைக்குக் கீழே உந்தப்பட்டால் அதன் கூம்பு கட்டின்றி ஆடும்; துளை சீறும்; நாளடைவில் பெட்டி பழுதாகும். தடுக்க வழியில்லையெனில் அதை இருக்கைக்கு அருகில் வைத்து, ஒலியைக் குறைத்து இயக்குவது தக்கது; அண்மை காரணமாகக் குறைந்த உழைப்பே போதும். அவ்வாறு இடம் மாற்றினால் அளவையும் கட்டத்தையும் மீண்டும் சரி பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னர், சிறியதை நிறுத்தியும் இயக்கியும் ஒரே காட்சியை எல்லா இருக்கைகளிலிருந்தும் கேளுங்கள். பாட்டியின் இருக்கையில் பேச்சுத் தெளிவடைந்ததா என்பதே தேர்வு. தெளிவடையாவிடின் பெரியதொன்றே போதும். சிறியதை வேறொரு அறைக்குக் கொடுத்துவிடலாம். நல்ல இடத்தில் நிற்கும் ஒரு பெட்டி, பிணங்கும் இரண்டினும் மேலானது.

அடுக்கு வீடுகளில் வாழ்வோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவும். பெட்டியின் அடியில் இடும் ரப்பர் அட்டை, தரை வழியே செல்லும் அதிர்வைக் குறைக்குமேயன்றிக் காற்று வழியே செல்லும் ஒலியைத் தடுக்காது. சுவருக்கு அப்பால், மலையேறி வழிபட்டு இரவில் இறங்கி வந்து அயர்ந்து உறங்குவோர் இருக்கலாம்; விடியற்காலை வேலைக்குச் செல்வோரும் இருக்கலாம். நம் கூடத்தில் அளவைப் பொருத்தும்போது அவர்களுடைய உறக்கத்தையும் அவ்வளவில் சேர்த்துக்கொள்வோமாக.